17 ஆண்டுகள் காத்திருந்த விளக்கு!

குட்டீஸ், கைவிளக்கு ஏந்திய காரிகை யார் என்று கேட்டால் டக்கென்று பதில் சொல்லி விடுவீர்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல்! பாடப் புத்தகத்தில் படம் கூடப் பார்த்திருப்பீர்கள். தலையில் வெள்ளைத் துணி, கையில் விளக்கு, இரண்டு பக்கமும் காயம்பட்ட சிப்பாய்கள். அந்தப் படத்தில் இருப்பவருக்கு வயது 34.

அதற்கு முந்தைய 17 ஆண்டுகள் அவர் என்ன செய்து கொண்டிருந்தார் தெரியுமா? அழுதார். தன்னைத் தானே திட்டிக் கொண்டார். விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் எழுந்து படித்தார். நான் எதற்கும் லாயக்கில்லையோ என்று பயந்தார். பாடப் புத்தகத்தில் அந்தக் கதைக்கு இடம் இருக்காது. நாம் இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஊரின் பெயரே பேர்!

1820, மே 12ம் தேதி இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தாள் அந்தக் குழந்தை. ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்து விட்டனர். இதையாவது பரவாயில்லை என்று சொல்லலாம். ஒரு வருடம் முன்பு நேப்பிள்ஸ் நகரில் பிறந்த அக்காவுக்கு, அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதைச் சூட்டியிருந்தனர். கூப்பிடுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்!

அப்பா வில்லியம் நைட்டிங்கேல் பெரிய பணக்காரர். இங்கிலாந்தில் கோடைக்கு ஒரு மாளிகை, குளிருக்கு ஒரு மாளிகை. டெர்பிஷையரில் இருந்த லீ ஹர்ஸ்ட் மாளிகையில் 15 படுக்கையறைகள் தான் இருக்கின்றன, இது போதாது என்று அம்மா குறைப்பட்டுக் கொண்டாராம். அதனால், ஹாம்ப்ஷையரில் எம்ப்ளி பார்க் என்ற இன்னும் பெரிய மாளிகையை வாங்கினர்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் தையல், கொஞ்சம் நடனம் போதும் என்று நினைப்பர். ஆனால், நைட்டிங்கேல் வீட்டு அப்பா கொஞ்சம் வித்தியாசமானவர். இரண்டு மகள்களுக்கும் தானே ஆசிரியரானார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி மொழிகள், சரித்திரம், தத்துவம் என்று ஒன்றையும் விடவில்லை. அக்காவுக்குப் படிப்பு அலுத்துவிடும். எழுந்து அம்மாவிடம் ஓடி விடுவாள். தங்கை மட்டும் அப்பாவின் புத்தக அறையில் உட்கார்ந்திருப்பாள்.

சிறுமி புளோரன்சைப் பற்றி ஒரு நாய்க்கதை உண்டு. ரோஜர் என்ற ஆட்டிடையரிடம் கேப் என்ற நாய் இருந்தது. யாரோ கல்லெறிந்ததில் அதன் காலில் அடிபட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறிந்து விட்டது, இனி நாயை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று கொன்றுவிட முடிவு செய்தார் இடையர். புளோரன்சும், ஊர்ப் பாதிரியாரும் போய்ப் பார்த்தனர். முறிவு இல்லை, வீக்கம்தான் என்று தெரிந்தது. வெந்நீரில் துணியை நனைத்து நனைத்து ஒத்தடம் கொடுத்தாள் புளோரன்ஸ். நாய் பிழைத்து, மறுபடி ஆடு மேய்க்கப் போனது. இந்தக் கதையைச் சொல்பவர்கள், இது 1837ம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது என்று சொல்வர்.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

அழைத்தது யார்?

1837, பிப்ரவரி 7ம் தேதி. புளோரன்சுக்கு 17 வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்று கடவுள் தன்னிடம் பேசினார், தன் பணிக்கு வரும்படி அழைத்தார் என்று தன் குறிப்பில் எழுதி வைத்தார் அவர். எப்படிக் கேட்டது, எந்தக் குரலில் கேட்டது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். வாழ்நாள் முழுக்க அந்தத் தேதியை அவர் மறக்கவே இல்லை.

ஆனால், ஒரு பெரிய சிக்கல். என்ன பணி என்று அழைப்பில் சொல்லப்படவில்லை!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹெட்மாஸ்டர் உங்களைக் கூப்பிட்டு, உனக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டால் எப்படி இருக்கும்? ஒரு நாள் ஆவலாகக் காத்திருப்பீர்கள். ஒரு வாரம் கழித்து, நாம் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றும். ஒரு மாதம் கழித்து, நமக்கு அந்த வேலையைச் செய்யத் தகுதி இல்லை என்று முடிவு செய்து விட்டாரோ என்று கலக்கம் வரும். புளோரன்ஸ் காத்திருந்தது ஒரு மாதம் அல்ல, பல ஆண்டுகள்.

அழைப்பு வந்த சில மாதங்களில் குடும்பமே ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து. இசை, நடனம், விருந்து! புளோரன்ஸ் அழகாக ஆடுவார், அழகாகப் பேசுவார். எல்லாரும் பாராட்டினர். அவருக்கும் அது பிடித்திருந்தது. ராத்திரி அறைக்குத் திரும்பியதும் மனம் குத்தும். கடவுள் அழைத்த பெண் இப்படியா புகழுக்கு ஆசைப்படுவாள் என்று தன்னையே கேட்டுக் கொள்வார். கூட்டத்தில் ஜொலிக்க வேண்டும் என்ற ஆசையைத் தன் பெரிய பாவமாகக் குறித்து வைத்தார். ஒரு 18 வயதுப் பெண், விருந்தில் சிரித்துப் பேசியதற்காக இவ்வளவு வருந்த வேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை.

1839ல் ஊர் திரும்பினர். விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்குப் போய் வணக்கம் சொல்லி வந்தார். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. மாளிகை, விருந்தாளிகள், பூவேலைத் தையல், அப்பா சத்தமாகப் பேப்பர் படிப்பதை உட்கார்ந்து கேட்பது. கணக்குப் படிக்க ஆசைப்பட்டார். கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்றார் அம்மா. அத்தை மேரி பரிந்து பேசி, கொஞ்ச காலம் ஆசிரியர் வைக்க வழி செய்தார். அந்தக் கணக்கு பின்னால் என்ன வேலை செய்யப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்...

மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த குடிசைகளில் ஏழைகள் பசியாலும், நோயாலும் வாடினர். சூப், மருந்து, போர்வை எடுத்துக் கொண்டு அங்கே போக ஆரம்பித்தார் புளோரன்ஸ். நோயாளிகளுக்குப் பணி செய்வதுதான் அந்த அழைப்பின் பொருள் என்று மெல்ல மெல்லப் புரிந்தது. அது புரிவதற்கே ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1844ல் அமெரிக்காவில் இருந்து சாமுவேல் ஹோவ் என்ற டாக்டர் விருந்தாளியாக வந்தார். பார்வையற்ற குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் அவர். ஓர் ஆங்கிலேயப் பெண், கன்னியாஸ்திரீகளைப் போல மருத்துவமனையில் பணி செய்யலாமா, அது தவறா என்று அவரிடம் தனியாகக் கேட்டார் புளோரன்ஸ். வழக்கத்துக்கு மாறானது தான், ஆனாலும் துணிந்து செய்யலாம் என்று தைரியம் சொன்னார் டாக்டர்.

அடுத்த ஆண்டு, 1845 டிசம்பரில், சால்ஸ்பரி மருத்துவமனையில் மூன்று மாதம் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார். அவ்வளவுதான். வீடே இரண்டு பட்டது. அம்மாவுக்கு அழுகை, ஆத்திரம். அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

அம்மா மேல் உடனே கோபப்பட்டு விடாதீர்கள் குட்டீஸ். அந்தக் கால மருத்துவமனை இன்றைய மருத்துவமனை போல இருக்காது. வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக் கொள்வர். வேறு போக்கிடம் இல்லாதவர்களே மருத்துவமனைக்குப் போவர். நாற்றம் வாசலிலேயே வரவேற்கும். நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் என்ற கெட்ட பெயர் நர்ஸ்களுக்கு இருந்தது. அங்கே தன் மகளை அனுப்ப எந்த அம்மாவுக்கு மனம் வரும்?

திட்டம் நொறுங்கியது. புளோரன்சும் நொறுங்கிப் போனார். இனி வாழ்வதில் என்ன பொருள் என்று எழுதும் அளவுக்கு மனம் சோர்ந்தார்.

ஆனால், ஒன்று செய்தார். விடிவதற்கு முன்பே எழுந்து, குளிருக்குச் சால்வையைப் போர்த்திக் கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மருத்துவமனை அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தார். லண்டன், பாரிஸ், பெர்லின் என்று எங்கெங்கிருந்தோ அறிக்கைகள் வரவழைத்தார். எத்தனை படுக்கைகள், எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று நோட்டு நோட்டாகக் குறிப்பு எடுத்தார். காலை உணவுக்கு மணி அடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கிப் போவார். மேஜை விரிப்பு எத்தனை, கண்ணாடிப் பாத்திரம் எத்தனை, ஜாம் ஜாடி எத்தனை என்று சரக்கறையில் எண்ணிக் கொண்டிருப்பார்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்த பெண் தன்னைப் பாராட்டிக் கொண்டாரா? இல்லவே இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பகல் கனவு! நாலு பேர் பேசிக் கொண்டிருக்கும்போது இவர் மனம் எங்கோ பறந்துவிடும். கனவில் இவர்தான் கதாநாயகி. பெரிய பெரிய செயல்கள் செய்வார். நம்மில் யாருக்குத்தான் இது இல்லை? கணக்கு வகுப்பில் உட்கார்ந்தபடி உலகக் கோப்பையை வாங்கி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! புளோரன்சோ இதை ஒரு கொடிய நோய் போல நினைத்தார். நிறுத்த முயன்றார், முடியவில்லை. மனம் ஒடிந்தார், மறுபடி முயன்றார். இந்தப் பலவீனம் இருப்பதால்தான் கடவுள் எனக்கு வேலை தரவில்லை என்று முடிவு கட்டினார்.

இதற்கு நடுவில் ரிச்சர்டு மங்க்டன் மில்னெஸ் என்ற நல்ல மனிதர், பல ஆண்டுகள் காத்திருந்து அவரைத் திருமணம் செய்ய விரும்பினார். கவிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், ஏழைக் குழந்தைகள் மேல் இரக்கம் உள்ளவர். புளோரன்சுக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும், 1849ல் மறுத்துவிட்டார். விருந்து கொடுக்கும் வீட்டுத் தலைவியாக வாழ்ந்தால் அழைப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விடும் என்பது காரணம். மறுத்த பிறகு நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. அவரை மறக்க முடியாமல் வெகு நாள் தவித்தார்.

பாக்கெட்டில் ஓர் ஆந்தை!

உடலும், மனமும் தளர்ந்திருந்த புளோரன்சை, பிரேஸ்பிரிட்ஜ் தம்பதியர் எகிப்துக்கு அழைத்துப் போயினர். குடும்பத்துக்கு வேண்டிய நண்பர்கள் அவர்கள். நைல் நதியில் படகுப் பயணம். கோவில்களையும், பிரமாண்டமான சிலைகளையும் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். ரகசிய டைரியில் மட்டும் வேறு விஷயம் இருந்தது. 1850 மார்ச்சில், கடவுள் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டதாக அதில் எழுதினார். பெயரும் புகழும் கிடைக்காது என்றாலும் எனக்காக நல்லது செய்வாயா என்பது அந்தக் கேள்வி.

அங்கிருந்து கிரீஸ். அந்த மே மாதம் ஏதென்ஸ் நகரில் அவருக்கு 30 வயது நிறைந்தது. இயேசு தம் பணியைத் தொடங்கிய வயது இது, நான் இன்னும் தொடங்கவே இல்லையே என்று ஏங்கினார்.

அதே ஊரில், பார்த்தினான் கோவில் பக்கம், சில பையன்கள் ஓர் ஆந்தைக் குஞ்சை வைத்துத் தொல்லை செய்து கொண்டிருந்தனர். புளோரன்ஸ் அதை மீட்டு, ஏதினா என்று பெயர் வைத்தார். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வத்தின் பெயர் அது. எங்கே போனாலும் பாக்கெட்டில் ஆந்தை! கூடவே இரண்டு ஆமைகளும், பிளேட்டோ என்ற சிள்வண்டும் பயணம் செய்தன. பெரிய தத்துவ ஞானியின் பெயர் வைத்தும் சிள்வண்டுக்கு அதிர்ஷ்டம் இல்லை. ஏதினா அதைத் தின்றுவிட்டது.

ஊர் திரும்பும் வழியில், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருந்த கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போனார். பாஸ்டர் பிளீட்னர் என்பவர் 1836ல் தொடங்கிய சேவை இல்லம் அது. மருத்துவமனை, அனாதைக் குழந்தைகள் இல்லம், பள்ளி எல்லாம் அங்கே இருந்தன. வேலை செய்தவர்கள் ஒழுக்கத்துக்குப் பெயர் பெற்ற எளிய பெண்கள். இரண்டு வாரம் தங்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டு, 1851ல், வீட்டாரின் கோபத்தையும் மீறி அங்கே மூன்று மாதம் பயிற்சிக்குச் சேர்ந்தார். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். சாப்பாட்டுக்குப் பத்தே நிமிடம். கம்பு போன்ற ஒரு தானியத்தில் காய்ச்சிய டீ, காய்கறிக் கஞ்சி. 15 படுக்கையறை வீட்டில் வளர்ந்தவர் எப்படி இருந்தார் தெரியுமா? சந்தோஷமாக! இப்போது எனக்கு உயிர் வாழப் பிடித்திருக்கிறது என்ற பொருளில் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

1853ல் லண்டன் ஹார்லி தெருவில், வசதி இழந்த பெண்களுக்கான சிறிய மருத்துவமனை ஒன்றுக்குப் பொறுப்பாளரானார். சம்பளம் கிடையாது. அப்பா மனம் மாறி, ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுக்கச் சம்மதித்தார். நோயாளி படுக்கையில் இருந்தே நர்ஸைக் கூப்பிட மணி, சமையலறையில் இருந்து மாடிக்குச் சாப்பாட்டை ஏற்றிவிட ஒரு தூக்கி என்று, அந்தக் காலத்தில் புதுமையான ஏற்பாடுகளைச் செய்தார். நர்ஸின் கால்கள் படிக்கட்டில் தேய்ந்தால், நோயாளியை யார் பார்ப்பது?

போர் முனைக்கு அழைப்பு!

1854ல் ரஷ்யாவுக்கு எதிராகத் துருக்கியுடன் சேர்ந்து பிரிட்டனும், பிரான்சும் போரில் இறங்கின. கிரிமியா தீபகற்பத்தில் சண்டை நடந்ததால் கிரிமியப் போர் என்று பெயர். காயம்பட்ட பிரிட்டன் சிப்பாய்கள் கவனிப்பார் இல்லாமல் சாகின்றனர் என்று 'டைம்ஸ்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், புளோரன்சின் நண்பர். நர்ஸ்களோடு உடனே புறப்பட முடியுமா என்று அவர் கடிதம் எழுத, நான் போகட்டுமா என்று புளோரன்ஸ் எழுதிய கடிதமும் அதே நேரத்தில் தபாலில் வந்து கொண்டிருந்தது!

38 பெண்களுடன் 1854, அக்டோபர் 21ம் தேதி கிளம்பினார். கிளம்பும் அவசரத்தில் ஆந்தையை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, ஏதினா இறந்துவிட்டது. எவ்வளவோ தாங்கிய புளோரன்ஸ் அன்று தேம்பி அழுதாராம். பாடம் செய்யப்பட்ட அந்த ஆந்தையை லண்டனில் உள்ள நைட்டிங்கேல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர்.

நவம்பர் 4ம் தேதி, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்கூட்டரி வந்து சேர்ந்தார். அங்கே பெரிய ராணுவக் குடியிருப்பு ஒன்றை மருத்துவமனையாக மாற்றியிருந்தனர். எலிகள், பேன்கள், அடைத்துக் கொண்ட சாக்கடை. மாற்றுத் துணி இல்லை, சோப்பு இல்லை. இவ்வளவு இருந்தும், பெண்கள் உள்ளே வந்து தொல்லை செய்யக்கூடாது என்று பல டாக்டர்கள் அவர்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை.

இங்கேதான் அந்தப் பதினேழு ஆண்டுப் பொறுமை உதவியது. சண்டை போடவில்லை புளோரன்ஸ். டாக்டர்கள் கேட்காமல் ஒரு நோயாளியையும் தொடக்கூடாது என்று தன் நர்ஸ்களுக்கு உத்தரவு போட்டார். உட்கார்ந்து கட்டுத் துணி கிழித்து மடித்துக் கொண்டே இருந்தனர். சில நாட்களில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். டாக்டர்களால் சமாளிக்க முடியவில்லை. தாங்களாகவே வந்து உதவி கேட்டனர்.

தரை தேய்க்க பிரஷ் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வெந்நீர்க் கொப்பரை வைத்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல். இரவில் விளக்குடன் படுக்கை படுக்கையாகப் போவார். அந்த விளக்கு, படங்களில் வரைகிற மாதிரி அலாவுதீன் விளக்கு அல்ல. நம் ஊர்க் காகிதக் கூண்டு விளக்கு போல மடிப்பு மடிப்பான துருக்கி விளக்கு. அவர் நிழல் தங்கள் மீது விழுவதையே சிப்பாய்கள் பாக்கியமாக நினைத்தனர்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இனிமேல் தான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய துயரம் வருகிறது.

எண்கள் சொன்ன உண்மை

இவ்வளவு பாடுபட்டும் சாவு குறையவில்லை, கூடியது! 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டரிக்கு வந்த நோயாளிகளில் 100க்கு 42 பேர் இறந்தனர். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் 4,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் காயத்தால் சாகவில்லை. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு.

மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை தேங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தனர். குடிநீர் வரும் கால்வாயில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது! வண்டி வண்டியாகக் குப்பையை அள்ளி, சாக்கடையைச் சுத்தம் செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்று வர வழி செய்தனர். ஜூன் மாதத்தில் சாவு 100க்கு 2 ஆகக் குறைந்துவிட்டது.

1856 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். ஊர்வலம், வாத்தியம், வரவேற்பு என்று இங்கிலாந்து காத்திருந்தது. மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பயணம் செய்து, ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தார் அவர்.

பின்பு, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் உட்கார்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். தவிர்த்திருக்கக் கூடிய நோய்களால் இறந்தவர்கள்தான் மிக மிக அதிகம் என்று எண்கள் காட்டின. தான் விளக்குடன் நடந்த அதே வராந்தாக்களில், அந்தக் கட்டடத்தின் அசுத்தமே சிப்பாய்களைக் கொன்றிருக்கிறது. நாடு முழுவதும் தேவதை என்று போற்றும்போது, உள்ளுக்குள் அவர் அந்தச் சிப்பாய்களின் கல்லறைகளை எண்ணிக் கொண்டிருந்தார். என் பிள்ளைகள் என்றுதான் அவர்களைக் குறிப்பிடுவார். அவர்களை என்னால் மறக்க முடியாது என்று தனிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதினார். 1857 ஆகஸ்டில் உடல் நிலை அடியோடு சாய்ந்தது. கிரிமியாவில் பிடித்த காய்ச்சலின் விளைவும் சேர்ந்து கொண்டது. அதற்குப் பின் பல ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன.

ஆனால், அந்தப் படுக்கை ஓர் அலுவலகம் ஆனது! மூட்டை மூட்டையாகக் காகிதம். 1858ல், இறப்புக் கணக்கை வட்ட வடிவப் படமாக வரைந்து வெளியிட்டார். ரோஜாப்பூ இதழ்கள் மாதிரி இருக்கும். நோயால் இறந்தவர்களுக்கு நீலம், காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, மற்ற காரணங்களுக்குக் கறுப்பு. நீல இதழ் எவ்வளவு பெரிது என்று எந்த மந்திரிக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். கல்யாணம் ஆகப் போகிற பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று அம்மா கேட்டாரே! அந்த ஆண்டே லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். 1860ல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் நர்சிங் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் கடவுளைப் பற்றிய தன் சிந்தனைகளை 800 பக்கங்களுக்கு மேல் எழுதி, சில பிரதிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்களிடம் கொடுத்தார். உலகம் இயங்கும் விதிகளைக் கண்டுபிடித்து, அதன்படி நோயையும், துன்பத்தையும் குறைப்பதே கடவுள் பணி என்பது அவர் கருத்து.

எல்லாமே நல்ல குணம் என்றும் சொல்லிவிட முடியாது. சிட்னி ஹெர்பர்ட் கடும் நோயில் இருந்தபோதும், ராணுவச் சீர்திருத்த வேலையை விடக்கூடாது என்று அவரை விரட்டிக் கொண்டே இருந்தார் புளோரன்ஸ். 1861ல் ஹெர்பர்ட் இறந்துவிட்டார். நோயாளிக்கு ஓய்வு வேண்டும் என்று உலகுக்கே எழுதியவர், தன் நண்பருக்கு ஓய்வு தரவில்லை. அந்த இழப்பில் இருந்து மீள அவருக்கு வெகு காலம் ஆனது.

நம் நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால், இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் கேள்வித் தாள் அனுப்பி, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று பதில் வாங்கி ஆராய்ந்தார். 1876ல் தொடங்கிய சென்னை மாகாணத்தின் கொடிய பஞ்சம் அவரை உலுக்கியது. திருச்சி முக்கொம்பில் மேலணை கட்டிய சர் ஆர்தர் காட்டன், அவருடைய நண்பர். கால்வாய்கள் வெட்டினால் பஞ்சத்தில் மக்கள் சாக மாட்டார்கள் என்ற காட்டனின் வாதத்தை ஆதரித்து எழுதிக் கொண்டே இருந்தார்.

வயதாக வயதாக மனம் அமைதியானது. எதிர்த்து நின்ற அம்மாவையும், அக்காவையும் அவர்களின் கடைசிக் காலத்தில் கவனித்துக் கொண்டார். கண் பார்வை மங்கியது. 1907ல், ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருதைப் பெற்ற முதல் பெண் என்ற பெருமை வீடு தேடி வந்தபோது, என்ன நடக்கிறது என்று புரிந்து கொள்ளும் நிலையில் கூட அவர் இல்லை.

1910, ஆகஸ்ட் 13ம் தேதி, 90வது வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அரசர்களும், அறிஞர்களும் அடக்கம் செய்யப்பட்டுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. ஆனால், ஆடம்பரம் வேண்டாம் என்று அவர் முன்பே எழுதி வைத்திருந்தார். அதனால், எம்ப்ளி பார்க் அருகே கிழக்கு வெல்லோ என்ற கிராமத்து தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தனர். அங்கே போனால் அவர் முழுப் பெயரைத் தேடாதீர்கள். கல்லில் இருப்பது எப், என் என்ற இரண்டு எழுத்துகளும், பிறப்பு, இறப்பு விவரமும் தான்.